பச்சை உடம்பு: லிங்கித் தோட்டப்புறத்தில் பேறுகாலச் சமையலும் சொற்களும்



நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக ஓடி நீரிணையில் கலப்பது லிங்கி ஆறு. 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் இவ்வாற்று வழியே படகேறிக் கடலுக்குச் சென்றது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி நிலங்கள் ரப்பர்த் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியாகவும் 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் துணையோடும் வந்த தொழிலாளர் லயங்களில் குடியேறினர். அவர்களுடைய கூலியையும் உழைப்பையும் வரலாற்று நூல்கள் கணக்கிட்டுள்ளன. அவர்களுடைய பேறுகால அடுப்பைப் பற்றி அவை பேசுவது மிகக் குறைவு. அந்த அடுப்பைச் சுற்றி வழங்கிய சொற்களே இன்றைய பொருள்.

பிள்ளை பெற்றவளை லயத்துப் பெண்கள் 'பச்சை உடம்புக்காரி' என்றனர். பச்சை மண், பச்சைப் புண், பச்சைக் குழந்தை ஆகிய வழக்குகளை ஒப்பிடுக. வேகாதது, ஆறாதது, முற்றாதது என்னும் பொருள்கள் அனைத்தும் இத்தொடரில் கூடி நிற்கின்றன. பச்சையாக இருக்கும் உடம்புக்குச் சூடு வேண்டும். ஆகவே நல்லெண்ணெய், பூண்டு, மிளகு, சுக்கு, கருவாடு என்று உணவு அமைந்தது. அதன் பெயர் பத்தியம். வடமொழியில் 'பத்ய' என்பதற்குத் தக்கது, ஏற்றது என்று பொருள். தமிழ் வழக்கில் அது விலக்கையும் சேர்த்துக் குறித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாக வந்தோர் வீடுகளில் இதே வகை உணவு 'சரக்குக் கறி' எனப்பட்டது.

அண்டை வீட்டாரின் சொற்களையும் நோக்குவோம். மலாய்க்காரர் இக்காலத்தைப் 'பந்தாங்' என்பர். விலக்கு என்பது அதன் பொருள். 44 நாள் காப்பதும், சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒற்றுவதும் அவர்கள் மரபு. சீனரின் சொல்லுக்கு 'மாதம் அமர்தல்' என்று பொருள். 1237இல் சென் ஸிமிங் தொகுத்த மகளிர் மருத்துவ நூல், பேற்றுக்குப் பிந்தைய பேணலைத் தனிப் பகுதியாகவே வகுத்துரைக்கிறது. சீனர் காலத்தைப் பெயராக்கினர். மலாய்க்காரர் விலக்கைப் பெயராக்கினர். நம் பெண்கள் தாயின் உடம்பையே பெயராக்கினர். மூவரும் நம்பியது சூட்டை.

அவசரகாலத்தில், 1950 முதல், புறம்போக்கு நிலங்களில் வாழ்ந்த சீனர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவற்றுள் பல தோட்டங்களுக்கு அருகில் அமைந்தன. லயமும் புதுக்கிராமமும் ஒரே கடைத்தெருவில் இஞ்சி வாங்கின.

இவ்வொப்புமையை நான் நூலில் கற்கவில்லை. வீட்டுச் சமையலறையில் கண்டேன். என் மருமகள் ஹக்கா சீனக் குடும்பத்தவள். பேரக்குழந்தை பிறந்தபோது, லிங்கித் தோட்டப்புற லயத்தில் பிறந்த என் மனைவி அவளுக்காக மதுக்கோழி சமைக்கக் கற்றாள். இஞ்சியை மெல்லிய வில்லைகளாக அரிந்து, எள்ளெண்ணெயில் சிறுதீயில் ஓரம் சுருங்கும்வரை வதக்கவேண்டும். கோழித்துண்டுகளைப் புரட்டி, மரக்காளான் சேர்த்து, அரிசி மது ஊற்றிக் கொதிக்கவிடவேண்டும். மதுவை ஊற்றுமுன் என் மனைவி சற்றுத் தயங்கினாள். ஊற்றியபின் மணத்தை முகர்ந்து, "நம்ம பத்தியக் கோழிதாங்க இது. மிளகைத்தான் காணோம்," என்றாள். அவள் கூற்றுக்கு மொழியும் சான்று தருகிறது: எள்ளின் நெய்யே எண்ணெய். எல்லா நெய்மங்களுக்கும் பொதுப்பெயர் ஆகுமுன் அச்சொல் எள்ளுக்கே உரியதாயிருந்தது.

அன்று வேறொன்றையும் கண்டேன். மருமகள் ஒவ்வோர் உணவையும் ஹக்கா மொழியில் பெயர் சொல்லி அழைத்தாள். அருகிலிருந்த என் மகளோ, "பச்சை உடம்புன்னா என்னப்பா?" என்று கேட்டாள். மொழியியல் கற்பித்த என் வீட்டிலேயே அச்சொல் ஒரு தலைமுறையில் அறுந்திருந்தது.

காரணங்கள் தெளிவானவை. தோட்டத் துண்டாடலும், பின்னர் வந்த நில மேம்பாடும் லயங்களைக் கலைத்தன. பேறு மருத்துவமனைக்கு மாறியது, மருத்துவச்சி மறைந்தாள். பத்தியப் பொருள்கள் இன்று பொடியாகப் பொட்டலத்தில் கிடைக்கின்றன. ஆனால் பக்கத்தில் அமர்ந்து பெயர் சொல்லிக் கொடுக்கும் கிழவி பொட்டலத்தில் வருவதில்லை. சட்டப்படி 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாளாகியுள்ளது. ஓய்வு நாள்கள் பெருகின; அந்நாள்களுக்குரிய தமிழ்ச் சொற்கள் குறைந்தன.

பழைய விலக்குகள் அனைத்தையும் மீட்கவேண்டும் என்று நான் கூறவில்லை. தாய்க்குத் தண்ணீரைக் குறைத்த வழக்கம் போனது நல்லதே. சொற்களைக் காப்பது வேறு வேலை. மாணவர்களே, விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் அம்மாவைப் பெற்றபோது உங்களுக்கு என்ன ஆக்கிக் கொடுத்தார்கள்?" அவர் சொல்லும் பெயர்களை அவர் ஒலிப்பிலேயே எழுதுங்கள், தோட்டத்தின் பெயரையும் தமிழகத்துப் பூர்வ ஊரையும் உடன் குறியுங்கள். ஆசிரியர்கள் அவற்றை ஓர் ஏட்டில் சேர்த்து வைத்தால், தோட்டப்புறத் தமிழுக்கு அது ஓர் அகராதியின் முதற்பக்கமாகும்.