கொல்லிமலைச் சபையில் காத்திருப்பின் வரலாறு: 1913–1974

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்றும், சீர்திருத்தச் சபையார் பலர் அட்வென்ட் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பருவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு இருக்கச் சொன்னார். 567-இல் அதே ஊரில் கூடிய சங்கம் துறவிகளுக்கு டிசம்பர் நோன்பை விதித்தது. ரோமாபுரி வழக்கம் பின்னாளில் இதை நான்கு வாரமாகச் சுருக்கியது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனெரிகள் தங்கள் சபை நாட்காட்டியைக் கையோடு கொண்டு வந்தார்கள். ஆங்கிலிக்கர் வழியில் வந்த தென்தமிழகச் சபைகளுக்கு அது ஜெபப்புத்தகத்தோடு வந்தது.

கொல்லிமலைக்கு மட்டும் அது அப்படி வரவில்லை. மலையில் சீர்திருத்தச் சபையை நிறுவியது 1861-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். வேதத்தில் சொல்லப்படாத பண்டிகை எதையும் ஏற்காத பியூரிட்டன் மரபு அவர்களுடையது. 1645-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஏற்ற வழிபாட்டு நெறிநூல், ஓய்வுநாளைத் தவிர்த்த புனித நாட்களுக்கு வேத ஆதாரம் இல்லையென்று தள்ளியது. அந்த வழியில் வந்தவர்களுக்கு அட்வென்ட் மெழுகுவர்த்தியும் கிடையாது, ஊதாத் துணியும் கிடையாது.

ஆனாலும் தமிழகத் திருச்சபை வரலாற்றில் காத்திருப்பைப் பற்றி எழுத வேண்டுமானால் நான் முதலில் எடுப்பது கொல்லிமலையைத்தான். நாட்காட்டி கற்றுத்தராத ஒன்றை அந்தச் சபை ஆண்டுக்கணக்கான உழைப்பில் கற்றது. எப்படி என்பதைத்தான் இக்கட்டுரை பார்க்கிறது.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு வந்துவிடுகிறது. வல்வில் ஓரி விழாவுக்கும், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும், ஆகாயகங்கைக்கும் வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. நூறாண்டுக்கு முன் ஒற்றையடிப் பாதைதான். நடக்க முடியாதவர்களுக்கு டோலி. சங்கப் பாடல்கள் கொல்லிப்பாவையின் அழகைப் பேசினாலும், சமவெளிக்காரர்களுக்கு அது காய்ச்சல் மலை. ஓர் இரவு தங்கினாலே உயிருக்கு உத்தரவாதமில்லை என்ற பயம் இருந்தது. மலேரியா கொசுவால் பரவுவது அறிவியலுக்குத் தெரிந்திருந்தும் ஊருக்குத் தெரியாத காலம் அது.

மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று நாடுநாடாகப் பிரிந்து, ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற அடுக்கில் தங்கள் நியாயத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள். ஊர்க்கட்டு மீறினால் ஊர்விலக்கு. மதம் மாறுவது என்பது அங்கே ஒரு மனிதனின் மனம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்க முடியாது. நீர், நிலம், பெண் கொடுத்தல், பிணம் எடுத்தல் எல்லாம் அதில் அடங்கும். மிஷன் வரலாறுகளைப் படிக்கிறவர்கள் இதை மறந்துவிட்டு, ஆண்டுகள் போயும் ஆள் சேராததை மக்களின் கடின இதயத்தின் மேல் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியராக ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியா வந்தார். கட்டடத் தொழில் தெரிந்தவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனெரிகளுக்கென நடந்த ஓராண்டு வைத்தியப் பயிற்சி பெற்றவர். பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு மேலே பார்த்த மலை அவரை விடவில்லை. எவெலின் ஹாரிஸ் லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஜெஸ்ஸியைவிட ஆறு வயது மூத்தவர். 1913-இல் இருவருக்கும் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. கையோடு மலையேறினார்கள். வாழவந்தியில் ஜெஸ்ஸி தானே முன்னின்று கட்டிய வீட்டில் குடித்தனம். 1914 ஜூலை 17-இல் மூத்த மகன் பால் பிறந்தார். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய அதே டாக்டர் பால் பிராண்ட்.

அடுத்த சில ஆண்டுகளின் கணக்கு விசித்திரமானது. மருந்து வாங்க ஆட்கள் வந்தார்கள். பல் பிடுங்க, புண் கட்ட, காய்ச்சலுக்குக் கொய்னா வாங்க வந்தார்கள். தச்சு வேலை கற்றார்கள். பட்டுப்புழு வளர்ப்பைப் பார்த்தார்கள். ஆனால் ஞானஸ்நானம் பெற ஒருவரும் வரவில்லை. பூசாரி எதிர்த்தார், ஊர் அவர் பக்கம் நின்றது. இப்படி ஆறேழு ஆண்டு போயிற்று. இங்கிலாந்தில் காணிக்கை கொடுத்துவிட்டு ஆண்டறிக்கையை எதிர்பார்ப்பவர்களுக்கு எத்தனை முறைதான் வைத்தியக் கணக்கை எழுதி அனுப்புவது! அந்த அறிக்கையில் ஆத்துமக் கணக்கு அல்லவா வேண்டும்.

பிறகு இன்ஃப்ளுயன்சா வந்தது. 1918–19-இல் இந்தியாவில் மட்டும் அது ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கொல்லிமலையில் நோயைவிடக் கொடியது அதன் பயம். வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர் காட்டுக்குள் ஓடினார்கள். படுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. இந்த நோய்க்கு அன்று மருந்து இல்லை. ஆனால் பலர் செத்தது பட்டினியாலும் தாகத்தாலும் என்பதை பிராண்ட் தம்பதியர் கண்டுகொண்டார்கள். வெளியே இரும்பு அண்டாவில் அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகச் சுமந்துபோய் ஊற்றினார்கள். அதிசய மருத்துவம் ஒன்றும் இல்லை, வெறும் கஞ்சி.

எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தார்கள். அவர்கள் வாசலை மிதிக்க ஊரில் எவரும் துணியாதபோது ஜெஸ்ஸி போனார். சாகும் தறுவாயில் பூசாரி தன் பிள்ளைகளை, கைக்குழந்தை உட்பட, பிராண்ட் தம்பதியரின் கையில் ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் மலை மக்கள் சபைப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

இந்த நிகழ்ச்சியை நாம் அறிவது மிஷன் தரப்பிலிருந்து மட்டுமே, குறிப்பாக டாரத்தி கிளார்க் வில்சன் எழுதிய இரு வாழ்க்கை வரலாறுகள் வழியாக. ஆகவே ஆய்வாளர் எச்சரிக்கையாகத்தான் படிக்க வேண்டும். பேரிடரின் நடுவில் நடந்த மதமாற்றம் என்று இதை ஒரே வரியில் ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஆனால் கால வரிசையைக் கவனியுங்கள். பூசாரி நம்பியது ஒரு போதனையை அல்ல. ஆறேழு ஆண்டு பார்த்துப் பழகிய இரண்டு மனிதர்களை. நேற்று வந்தவர் கையில் எந்தத் தகப்பனும் பிள்ளையைக் கொடுக்க மாட்டான். பலனில்லாமல் போனதாக அறிக்கைகள் கருதிய அந்த ஆண்டுகளில்தான் அந்த நம்பகம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பூசாரியின் முடிவை நோயின் முடிவாகவும் மிஷனின் வெற்றியாகவும் மட்டும் எழுதுவது அவரைச் சிறுமைப்படுத்துவது. அன்று சிந்தித்து ஒரு முடிவெடுத்தவர் அவர்தான்.

காத்திருப்புக்குக் கிரயமும் உண்டு. 1923-இல் பாலையும் தங்கை கான்னியையும் படிப்புக்காக லண்டனில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். ஒன்பது வயதுப் பையன். அதன்பின் தகப்பனை அவன் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில், 44-ஆம் வயதில், மலேரியாவின் முற்றிய வடிவான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார், வாழவந்தியிலேயே அடக்கம். சாவுச் செய்தி தந்தியில் உடனே லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால் அவர் எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. தகப்பன் இறந்த செய்திக்குப் பிறகும் பல வாரம் மகனுக்குத் தகப்பனின் கடிதம் வந்தது. நம்பிக்கை குறித்த பிரசங்கங்களில் இந்தச் சம்பவத்தைப் பலர் இனிப்பாகச் சொல்கிறார்கள். பெற்றவர்களுக்காகக் காத்திருந்த அந்தப் பிள்ளைகளின் ஆறு ஆண்டுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எவெலினுக்கு அப்போது வயது 50. மிஷன் அவரைச் சமவெளிப் பணியில் வைத்தது. 1940-களின் பிற்பகுதியில், ஓய்வு வயதைக் கடந்தபின், மலைக்குப் போக விரும்பினார்; மிஷன் கமிட்டி மறுத்தது. வயதான விதவையைக் காய்ச்சல் மலைக்கு அனுப்பக் கமிட்டி தயங்கியதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. அவர் கமிட்டியோடு வாதாடவில்லை. ஓய்வு பெற்றார், ஓய்வு பெற்றவர் எங்கே குடியிருந்தால் யாருக்கென்ன என்று மலையேறிவிட்டார். வயது 68.

அதன்பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு. கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்ராயன் மலை என ஐந்து மலைத்தொடர்களில் வேலை. மட்டக்குதிரையில் ஏறிப் போவார். விழுந்து எலும்பு முறிந்தபின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார். 1964-இல் ஜெர்மனியில் யூர்கன் மோல்ட்மன் நம்பிக்கையின் இறையியலை நூலாக வெளியிட்டு உலகத் திருச்சபையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியபோது இந்த அம்மாவுக்கு வயது 85. அந்த விவாதம் அவர் காதுக்கு எட்டியிருந்தாலும் மருந்துப் பெட்டியைக் கீழே வைத்திருக்க மாட்டார்.

அந்த ஆண்டுகளில் அவர் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று நரம்புச்சிலந்தி என்னும் புழு நோயின் ஒழிப்பு. அதன் இயல்பே இந்தக் கட்டுரையின் பொருளுக்கு ஒளி தருவதால் சற்று விரித்துச் சொல்கிறேன். காலில் கொப்புளமுள்ள ஒருவர் குளத்திலோ படிக்கிணற்றிலோ இறங்கும்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விடுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றை உண்கிறது. அந்த நீரைக் குடித்தவரின் உடலில் புழு ஏறக்குறைய ஓராண்டு சத்தமில்லாமல் வளர்ந்து, முழங்கை முதல் விரல்நுனி வரையிலான நீளத்தையும் தாண்டி, மறுபடி காலைப் பொத்துக்கொண்டு வெளிவரும். இழுத்தால் அறுந்துவிடும், சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். ஜெஸ்ஸியும் இப்படிச் சுற்றியெடுத்தவர்தான். இந்நோய்க்குத் தடுப்பூசி இன்றும் கிடையாது. கொல்லும் மருந்தும் கிடையாது. உள்ள வழி தடுப்பு மட்டுமே: கொப்புளக்காரர் நீரில் இறங்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புவது, குடிநீரைத் துணியில் வடிகட்டுவது.

இந்த ஆண்டு சுவர் எழுப்பினால் இந்த ஆண்டு ஒன்றும் மாறாது. போன ஆண்டு குடித்த நீரின் புழு இந்த ஆண்டும் வரத்தான் செய்யும். சுவரால் என்ன லாபம் என்று ஊர் கேட்கும், கேட்பது நியாயம். அடுத்த ஆண்டுதான் பதில் தெரியும். அதுவரை ஊரைச் சுவரோடும் வடிதுணியோடும் பிடித்து நிறுத்த வேண்டும். மருந்தைவிட நம்பகம்தான் இங்கே வேலை செய்கிறது. கொல்லிமலையில் இந்நோய் ஒழிந்ததில் எவெலினுக்குப் பெரும் பங்குண்டு என்று அவர் வரலாறுகள் சொல்கின்றன. இந்தியா முழுவதும் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-இல்.

சமயம் கற்பிக்கும் நம்பிக்கைக்கும் வெறும் ஆசைக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கிணற்றுச் சுவரில் காணலாம். ஆசைக்குத் தேதி கிடையாது, வேலையும் கிடையாது. அட்வென்ட் வாசிப்புகளில் வரும் யோவான் ஸ்நானகனும் வெறுமனே காத்திருக்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடு என்கிறான். எருசலேம் ஆலயத்தில் மேசியாவை எதிர்பார்த்திருந்த அன்னாளை லூக்கா 84 வயது விதவையாகக் காட்டுகிறார். எவெலின் விதவையாக வாழ்ந்தது மட்டுமே 45 ஆண்டு. 1974 டிசம்பர் 18, அட்வென்ட்டின் மூன்றாம் வாரத்துப் புதன்கிழமை, 95 வயதில் அவர் இறந்தார். வாழவந்தியில் கணவருக்கு அருகில் புதைத்தார்கள். அவரது சபை மரபு அந்த வாரத்தை அப்படிக் கணக்கிடாது என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் சபைப் பிரிவுகளுக்கிடையே வேலி எப்போதும் பாட்டில்தான் தாழ்ந்திருக்கிறது. லுத்தரன் மரபில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை எல்லாச் சபையாரும் பாடுகிறார்கள். நட்சத்திர விளக்கும் கேரல் பவனியும் அப்படியே வேலி தாண்டின. பண்டிகைகளை மறுத்த மரபின் பேரப்பிள்ளைகளும் இன்று டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டுவதைப் பார்க்கிறோம். இதைக் கொள்கைச் சரிவு என்று வருந்துவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நாட்காட்டி தாமதமாக வந்த சபைக்கு ஒரு வசதி இருக்கிறது: நான்கு ஞாயிறுகளில் சொல்வதற்கு அதனிடம் சொந்தக் கதை கையிருப்பில் உண்டு. கஞ்சி அண்டா, பூசாரியின் பிள்ளைகள், கிணற்றுச் சுவர் எல்லாம் அதே மலையில் நடந்தவை. அந்தக் கதையில் டோலி தூக்கியவர்களுக்கும், கஞ்சி சுமந்தவர்களுக்கும், சுவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தவர்களுக்கும் இடம் கொடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்வென்ட் வளையத்தின் முதல் மெழுகுவர்த்தியை நம்பிக்கையின் அடையாளமாகப் பல சபைகள் ஏற்றுகின்றன. அந்த மெழுகுவர்த்தி வளையத்தின் பிறப்பும் ஆலயத்தில் நடந்ததல்ல. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விச்செர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாளுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தியும் ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியுமாகச் சொருகி வைத்தார். தாயும் தகப்பனும் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை வளர்க்கும் வீட்டில் தொடங்கிய பழக்கம் அது. ஆலயங்களுக்குள் வந்தது பிற்பாடு.