நோட்டுப் புத்தகத்திலிருந்து கணிப்பொறி வரை

"அக்கா, இந்த வருஷ மலருக்கு உங்க கட்டுரை கட்டாயம் வேணும். ஏதாவது பழைய கதை எழுதுங்க" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். எனக்கு எட்டு ஆண்டு இளையவர், என்னிடமே படித்தவர். மறுக்க மனம் வரவில்லை. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் வார்டன் அம்மாவைப் பற்றியும் எழுத என் தோழிகள் இருக்கிறார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவள் என்ற முறையில் நான் வேறொரு வரலாற்றைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒரு நர்ஸ் தனக்குத் தெரியாத ஒன்றை எங்கே போய்த் தெரிந்துகொள்வாள்? தெரிந்ததை எப்படி எழுதி வைப்பாள்? எழுதியிருப்பது சரியா தவறா என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் எனக்கு ஒரு பழைய கடனும் உண்டு.

நான் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தது 1987-இல். மருத்துவப் படிப்புகளுக்கென்று சென்னையில் தனிப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. அப்போது நூலகம் என்றால் எங்களுக்கு மூன்று கண்ணாடி பீரோக்கள். பெரும்பாலும் பூட்டியே இருக்கும். ஆகவே அறிவு என்பது டியூட்டர் மேடம் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்ளும் நோட்ஸ்தான். மேடத்தின் கையில் இருந்ததும் அவர் படித்த காலத்து நோட்டுப் புத்தகம்தான். பக்கங்கள் பழுப்பேறி, ஓரம் மடங்கி இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி இருந்ததில்லை.

மூன்றாம் ஆண்டில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர், நெசவுத் தொழிலாளி, என் பொறுப்பில் இருந்தார். அவர் மனைவி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். தினமும் காலையில் 'பேக் கேர்' கொடுக்க வேண்டும். முதுகைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஸ்பிரிட் விட்டுத் தேய்த்து, பவுடர் போட வேண்டும். எலும்பு முட்டும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் அங்கே இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும், ரத்த ஓட்டம் கூடும் என்பது பாடம். நான் நல்ல மாணவி. நன்றாகத் தேய்த்தேன். "கை வலிக்கப் போவுது பாப்பா, விடும்மா" என்பார் அந்த அம்மா. பத்தாம் நாள் தோல் உரிந்தது. மூன்றாவது வாரம் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அந்தப் புண்ணோடே வீட்டுக்குப் போனார்கள். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை 1994-இல் உடைந்தது. எம்.எஸ்சி. படிக்க வேறு ஊருக்குப் போயிருந்தேன். அங்கே பெரிய மருத்துவ நூலகம். படுக்கைப் புண் பற்றி ஒரு செமினார் எடுக்கச் சொன்னார்கள். 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற தடித்த தொகுதிகளை எப்படிப் புரட்டுவது என்று நூலகர் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். ஒரு கட்டுரையைப் பிடித்தேன். அதன் கடைசிப் பக்கப் பட்டியலிலிருந்து இன்னொன்று. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸும் இரண்டு சக ஆய்வாளர்களும் முதிய நோயாளிகளைப் பார்த்து 1962-இலேயே புத்தகம் போட்டிருக்கிறார்கள். தோலில் எதைத் தடவுகிறோம் என்பதில் பெரிய பயனில்லை, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்பது அதன் சாரம். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்ற ஐந்தையும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நார்ட்டன் அளவுகோல் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 1992-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் நேராகச் சொல்லியிருந்தது: எலும்பு முட்டும் இடங்களில் தேய்க்காதீர்கள். ரத்தம் கிடைக்காமல் ஏற்கெனவே நலிந்திருக்கும் திசுவைத் தேய்த்தால் அது மேலும் சேதப்படலாம்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்தப் பெரியவருக்குப் புண் வர என் கை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேய்த்த நேரத்தில் அவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டியிருக்கலாம். 1962-இல் ஒரு நர்ஸ் கண்டுபிடித்தது 1989-இல் இன்னொரு நர்ஸின் கைக்கு வந்து சேரவில்லை. நடுவில் இருபத்தேழு ஆண்டுகள்! நான் சொன்ன கடன் இதுதான்.

அந்த நாளிலிருந்துதான் நம் தொழிலின் தகவல் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் நின்றது நம் எல்லோருக்கும் தெரிந்த விளக்கேந்திய அம்மையார்தான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் ஸ்குடாரி இராணுவ மருத்துவமனைக்குப் போனபோது அங்கே குப்பையும் சாக்கடையும் மட்டும் குறையாக இல்லை, சாவுக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஊர் திரும்பியதும் அவர் கையில் எடுத்தது விளக்கை அல்ல, கணக்கை. போரில் பட்ட காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களே மிக அதிகம் என்று 1858-இல் வண்ண வட்டப் படமாக வரைந்து காட்டினார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் நோயையும் முடிவையும் பதிய வேண்டும் என்று போராடினார். நம் நாட்டுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் சென்னை, வங்காளம், பம்பாய் மூன்று மாகாணத்து இராணுவ முகாம்களிலிருந்தும் கேள்வித்தாள் வழியே வாங்கிய விவரங்களை அவர் அலசினார். இந்தியாவிலுள்ள படையின் சுகாதாரம் பற்றிய ராயல் கமிஷன் அறிக்கை 1863-இல் வெளிவந்தது. புனித தாமஸ் மருத்துவமனையில் 1860-இல் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, நோயாளியைப் பார்த்துக் குறித்து வைப்பதும் பயிற்சியில் சேர்ந்தது.

நம் பக்கம் பார்த்தால், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் பயிற்சி தொடங்கியது. வேலூரிலும் டெல்லியிலும் 1946-இல் பட்டப்படிப்பு வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல். ஆக, படிப்பு வந்துவிட்டது. படித்த நர்ஸ்களின் ஆய்வுகளைத் தேடி எடுக்கும் வழிதான் மெதுவாக வந்தது. மருத்துவர்களுக்கு 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' 1879-லேயே கிடைத்துவிட்டது. நர்சிங் கட்டுரைகளுக்கென்று தனி அட்டவணை அச்சில் வர 1961 ஆயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மருத்துவமனை நூலகர் ஒருவர் தன் நர்ஸ்களுக்காக அட்டை அட்டையாக எழுதி வைத்ததே அதன் விதை. இன்று 'சினால்' என்று நம் பிள்ளைகள் தேடும் தரவுத்தளம் அந்த அட்டைகளின் பேத்தி. வர்ஜீனியா ஹெண்டர்சனின் பதினான்கு அடிப்படைத் தேவைகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே, அதே அம்மையார் 1900 முதல் 1959 வரை வந்த நர்சிங் ஆய்வுகளைத் தொகுத்து நான்கு தொகுதிகளாக 1963-க்கும் 1972-க்கும் இடையில் வெளியிட்டவர். அந்தப் பதினான்கையும் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு இது தெரிய எம்.எஸ்சி. வரை போக வேண்டியிருந்தது.

கணிப்பொறி வந்த கதைக்கு வருகிறேன். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1964-இல் 'மெட்லார்ஸ்' என்று அட்டவணையைக் கணிப்பொறியில் ஏற்றியது. தொலைத்தொடர்பு வழியே தேடும் 'மெட்லைன்' 1971-இல் வந்தது. அதை 'பப்மெட்' என்ற பெயரில் 1997-இல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. எம்.எஸ்சி. படிக்கையில் நான் ஒரு கட்டுரைக்காக ஆசிரியருக்கு ஏர்மெயில் கார்டு போட்டுவிட்டு வாரக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து ஆண்டுக்குள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அதே வேலையை ஒரு மாலையில் முடித்தேன்.

பாடத்திட்டமும் பின்னாலேயே வந்தது. முதலில் 'கணினி அறிமுகம்' என்ற சிறு பாடம். வேர்டும் பவர்பாயிண்டும் தெரிந்தால் பாஸ். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அறிவித்த புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் சுகாதார, செவிலியத் தகவலியலும் தொழில்நுட்பமும் தனிப் பாடமாகவே இடம்பெற்றுவிட்டது. வேலையிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2008 முதல் 'பிக்மி'யில் கர்ப்பிணிகளைப் பதிகிறார்கள். காசநோய்க்கு 'நிக்ஷய்' 2012-இல் வந்தது. தடுப்பூசிக்குக் 'கோவின்' 2021-இல் வந்தபோது, ஊசி போடுவதோடு பதிவும் ஓடினால்தான் வரிசை நகரும் என்ற நிலை வந்தது. கிராம சுகாதார செவிலியராக இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி, "மேடம், பகல்ல ரிஜிஸ்டர், ராத்திரி கம்ப்யூட்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பில் அலுப்பும் இருந்தது.

இங்கேதான் இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. கணிப்பொறி தெரிவது வேறு, தகவல் தெரிவது வேறு. கிரேவ்ஸ், கார்கோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-இல் இதை அழகாகப் பிரித்துச் சொன்னார்கள்: தரவு, தகவல், அறிவு. நம் வார்டு பாஷையில் சொல்கிறேன். 101 என்பது தரவு. ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் சாயங்காலம், முந்தின நாள் இல்லாத 101 என்பது தகவல். உடனே கட்டைத் திறந்து தையல் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது அறிவு. முதல் எண் பொய்யானால் மற்ற இரண்டும் இல்லை.

நாம் எல்லோரும் செய்த ஒரு தப்பை ஒப்புக்கொள்வோமா? டி.பி.ஆர். சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை எல்லா நோயாளிக்கும் 20! முழு நிமிடம் யார் நின்று எண்ணினோம்? நான் எண்ணாமல் எழுதிய நாள்கள் உண்டு. அன்று அந்தப் பொய் ஒரு கேஸ் ஷீட்டோடு பரணுக்குப் போனது. இன்று கணிப்பொறியில் ஏறினால் அறிக்கையாகி, மாவட்டத்துக்குப் போய், மாநிலத்துக்குப் போய், அதை வைத்து முடிவெடுப்பார்கள். நைட்டிங்கேல் அம்மையார் ஸ்குடாரியில் பார்த்த ஒத்துப்போகாத கணக்கைத்தான் நாம் இன்னும் வேகமாகச் செய்தவர்களாவோம்.

படிப்பிலும் ஆபத்து திசை மாறிவிட்டது. எனக்குத் தகவல் கிடைக்காத கஷ்டம். இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் எது நிஜம் என்று தெரியாத கஷ்டம். அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த அசைன்மெண்டில் ஆதாரங்கள் பன்னிரண்டு, அச்சடித்த மாதிரி அழகு. இரண்டைத் தேடிப் பார்த்தேன். அப்படிக் கட்டுரைகளே இல்லை. "செயற்கை நுண்ணறிவு கொடுத்துச்சு மேடம், நிஜம்னு நெனச்சேன்" என்றாள் அழாத குறையாக. திட்ட மனம் வரவில்லை. டியூட்டர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் அந்தப் பெரியவரின் முதுகில் தேய்த்தவள்தானே நானும்! பக்கத்தில் உட்கார வைத்து, எழுதியவர் யார், எந்த ஆண்டு, எத்தனை நோயாளிகளிடம் பார்த்தார்கள், வேறு யாரும் அதையே சொல்கிறார்களா என்று நான்கு கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். அன்று அந்த நூலகர் எனக்குச் செலவிட்ட அதே அரை நாள்தான் பிடித்தது.

சந்திப்புக்கு வரும் அக்கா தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மரக்கன்று நடுவோம், நினைவுப் பரிசு கொடுப்போம், எல்லாம் சரி. கூடவே, வார்டில் இருக்கும் ஒவ்வொருவரும் உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதிக் கொண்டுவாருங்கள். தொப்புள் கொடிக்கு என்ன தடவுவது, என்ன தடவக் கூடாது என்கிற மாதிரி சின்னக் கேள்வி போதும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நூலகத்தில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து தேடட்டும். கண்டதை நீங்கள் வார்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒரு கேள்வி என்றால்கூட வருடத்துக்குப் பன்னிரண்டு.

அந்த நெசவாளர் வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. பெயரும் ஊரும் நினைவில்லை, கேஸ் ஷீட்டும் எந்தப் பரணிலோ. அவர் வீட்டுப் பேத்தி நம் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம், யார் கண்டது? அவளாவது தேய்க்காமல் புரட்டிப் படுக்க வைப்பாள். ஏன் என்று கேட்டால் காரணத்தையும், அது எங்கே எழுதியிருக்கிறது என்பதையும் சொல்வாள். எனக்கு அது போதும்.

என்றும் அன்புடன்,
உங்கள் அக்கா,
1987 – 91 அணி