ஷாக் அப்சர்வர் புராணம்

தலைப்பில் எழுத்துப்பிழை எல்லாம் இல்லை மக்களே. அது அப்சார்பர் என்று எனக்கும் தெரியும். புனேயில் வண்டித் தொழிலில் குப்பை கொட்ட ஆரம்பித்து வருஷம் பல ஆகிறது. ஆனால் நான் வளர்ந்த நாமக்கல் தெருவில் மெக்கானிக்கில் இருந்து லாரி முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அது அப்சர்வர்தான். பாரத்தைத் தாங்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயரும் பொருத்தம்தான் என்று பிற்பாடு தோன்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

2012ல் நடந்தது. பிம்ப்ரியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சி, திருச்செந்தூர் பக்கத்துக்காரர். இட்லி மாவு, தேங்காய், வாழை இலை சப்ளை. இங்கே பாதி தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கல் கரும்பும் அவர் வண்டியில்தான் வரும். டாடா 207 பிக்கப். கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தால் வண்டியின் பின்பக்கம் தரையோடு படுத்துக் கிடக்கிறது. இஞ்சினியரிங் படிக்கும் மகன் செய்த வேலை.

"தம்பி, செத்த வந்து பாத்துட்டுப் போங்க. பய வண்டிய முடமாக்கி வச்சிருக்கான்" என்று போன்.

அப்போது அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இடுப்பில் பெல்ட் இல்லாமல் நாற்காலியில் உட்கார முடியாது. வண்டி என்று காதில் விழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பையன் பின்பக்கப் பட்டையில் இரண்டை உருவிவிட்டு, நானா பேட்டில் யாரிடமோ பழைய வெளிநாட்டு ஷாக் ஒரு ஜோடி வாங்கி மாட்டியிருந்தான். பக்கவாட்டில் ஒரு திருகு, அதில் 1 முதல் 9 வரை எண்கள். திருகினால் இறுகும், தளரும். பட்டை குறைந்ததால் வண்டி தொய்கிறதே என்று 9ல் வைத்து முறுக்கியிருக்கிறான். அதே நிலையில் வேலையாள் மார்க்கெட் யார்டில் ஆயிரம் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வழியெல்லாம் வேகத்தடை. (வேகத்தடைக்கு வரி போட்டால் புனே மாநகராட்சி உலகப் பணக்கார மாநகராட்சி ஆகிவிடும்.) அச்சு மேலே போய் இடிக்கும் ரப்பர் கிழிந்து, ஷாக்கின் கீழ் போல்ட் வளைந்து, மாவு வாளி கவிழ்ந்து... அப்பனுக்கும் மகனுக்கும் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பார்த்த படங்களுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களைத் தரையைத் தொடுகிற மாதிரி இறக்கி, மெதுவாக ஊர்வலம் போனார்கள். சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் 1950களின் கடைசியில் சட்டம் வந்தது. உடனே 1959ல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பு வைத்தார். போலீஸைக் கண்டால் வண்டி ஏறும், போனதும் இறங்கும்! இறக்கிய வண்டிகளுக்கு எதிரான அந்தக் கெடுபிடி 2024 ஜனவரியில்தான் நீங்கியது. இந்த மோகம் பின்னாளில் டாட்சன், டொயோட்டா குட்டி பிக்கப்புகளுக்கும் பரவியது. அங்கே பிக்கப் என்பது பல பேருக்குக் காலியாக ஓட்டுகிற வண்டி, அதனால் இறக்க முடிந்தது.

நம் ஊரில் கதை தலைகீழ். வண்டி வாங்கிய முதல் வாரமே பட்டறைக்குப் போய் ஒரு பட்டை கூடச் சேர்ப்பதுதான் வழக்கம். 1980களின் மத்தியில் ஜப்பான் கூட்டோடு நான்கு கம்பெனிகள் சின்ன லாரி கொண்டுவந்தபோது, அப்போது டெல்கோ என்று பெயர் கொண்டிருந்த டாடா 1986ல் 407ஐ இறக்கியது. 1988ல் புனே ஆலையில் இருந்து டாடாமொபைல் 206 பிக்கப் வந்தது. அந்த வம்சம்தான் 207. பிறகு 2005ல் ஏஸ், நம்மூர்க்காரர்கள் செல்லமாகச் சொல்லும் குட்டி யானை. கம்பெனி எழுதிக் கொடுத்த எடையை இவற்றில் எது மதித்தது? இங்கே பிக்கப்பை இறக்க ரிஞ்சு ஸ்பேனர் வேண்டாம், தேங்காய் போதும்.

இப்போது அப்சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைத் தாங்குவது பட்டை, அதாவது ஸ்பிரிங். ஷாக் எதையும் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஒரு முறை அமுங்கினால் சும்மா விடாது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுங்கி, ஆட்டத்தைச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது. ஆகவே ஷாக்கை 9ல் வைத்தாலும் 90ல் வைத்தாலும் தொய்ந்த வண்டி ஒரு அங்குலம்கூட எழும்பாது.

நம்மில் பலருக்கு இந்தக் குழப்பம் வரக் காரணம் நம் பைக்குகள். பின் ஷாக்கின் மேல் படிப்படியாக ஒரு வளையம் இருக்குமே, அதைத் திருப்பினால் மாறுவது ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தம்தான், எண்ணெயின் தடை இல்லை. 2005ல் இங்கே ஆகுர்டியின் பஜாஜ், பல்சரை 12 மில்லிமீட்டர் இறக்கி, பின்னால் வாயு அடைத்த ஷாக் போட்டு விற்றபோது என்னைச் சுற்றி இருந்த பாதிப்பேர் வளையத்தைத் திருகிவிட்டு "ஷாக் டைட் பண்ணிட்டேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், திருகி மாற்றுகிற ஷாக்தான் மூத்த பிள்ளை. பிரான்ஸின் ட்ரூஃபோ வடிவமைத்ததை அமெரிக்காவின் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் வாங்கி 1900களின் தொடக்கத்தில் விற்றார். அதில் எண்ணெயே கிடையாது. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை, நடுவே உரசும் தட்டுகள், ஒரு நட்டு. நட்டை முறுக்கினால் இறுக்கம். 1930களில் பிரிட்டிஷ் கார்களில் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே முறுக்கும் டெலிகண்ட்ரோல் என்ற வசதிகூட வந்துவிட்டது. உரசலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சின்னக் குழியில் அசைய மறுக்கும், பெரிய குழியில் போதாது. ஃபிரான்ஸிலேயே மோரிஸ் ஹூடாய் எண்ணெயைக் கொண்டுவந்தார். எண்ணெய்க்கு வேகம் கூடினால் தடையும் கூடும், அது நல்ல குணம். ஆனால் மூடிய குழாயாக ஆனதும் பெரும்பாலான வண்டிகளில் திருகு காணாமல் போய்விட்டது. கம்பெனி வைத்ததே சட்டம். அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கோனி. நெதர்லாந்தில் 1857ல் குதிரைச் சேணம் செய்ய ஆரம்பித்த கம்பெனி, இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் திருகி மாற்றும் குழாய் ஷாக் செய்தது.

நம் பக்கத்துக் கதை கேப்ரியல். கிளீவ்லாந்தில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் 1904ல் கார் ஹாரன் செய்யக் கம்பெனி தொடங்கி, எக்காளம் ஊதும் தேவதூதன் பெயரை வைத்தார். பிறகு ஷாக் பக்கம் போனார், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரோடு 1961ல் தீப் சந்த் ஆனந்த் பம்பாய் முலுந்தில் தொடங்கியதுதான் கேப்ரியல் இந்தியா. இன்றைக்குத் தலைமையிடம் புனே பக்கத்தில் சாக்கன், நம்மூரில் ஓசூரிலும் ஆலை. ஹாரன் அடிப்பவனுக்கும் குழியில் விழுபவனுக்கும் ஒரே தேவதை.

சரி, பிக்கப்புக்கும் திருகுக்கும் என்ன சம்பந்தம்? காரில் ஒருத்தர் போனாலும் ஐந்து பேர் போனாலும் எடை பெரிதாக மாறாது. பிக்கப்பின் பின் அச்சின் மேல் இருக்கும் எடை, காலிக்கும் சுமைக்கும் இரண்டு மூன்று மடங்கு மாறும். அதே ஸ்பிரிங்கில் எடை நாலு மடங்கானால் ஆட்டத்தை அடக்க இரண்டு மடங்கு தடை வேண்டும் என்கிறது கணக்கு. ஆக, திருகு மிக அவசியமான வண்டி பிக்கப்தான். ஆனால் திருகு போய்ச் சேர்ந்ததோ ரேஸ் கார்களுக்கு. சரக்கு வண்டிக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற உரசலே போதும் என்று விட்டுவிட்டார்கள். அப்பா ஓட்டிய லாரிகளில் பின்னச்சுக்கு ஷாக்கே கிடையாது. பையன் இரண்டு பட்டையை உருவியபோது ஸ்பிரிங்கோடு அந்த உரசலும் போய்விட்டது.

9ல் வைத்ததும் வினைதான். இந்த மாதிரி ஷாக்குகளில் திருகு முக்கியமாகப் பிடிப்பது, அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்புவதை. வரிசையாகக் குழிகள் வந்தால் எழும்ப நேரம் கிடைக்காமல் வண்டி ஒவ்வொரு குழியிலும் இன்னும் கொஞ்சம் கீழே போய், கடைசியில் ரப்பரில் உட்கார்ந்துவிடும். தேங்காய்க்கு நேர்ந்தது அதுதான்.

இதையெல்லாம் நான் அண்ணாச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே வந்தார். "ஏங் கண்ணு, லோடு வண்டி எப்பவும் தாலாட்டற மாதிரிதான் போவும். திரும்பி காலியா வர்றப்பதான் இடுப்பு ஒடியும். அதுக்கு உங்க படிப்புல என்ன சொல்றாங்க?"

சொல்கிறார்கள் அப்பா. 1974லேயே ஐஎஸ்ஓ 2631 என்று ஒரு தரநிலை வந்தது, மனித உடம்பு எவ்வளவு குலுங்கலாம் என்று. உட்கார்ந்திருப்பவர் உடம்பை மேலும் கீழுமாக மிகவும் வதைப்பது விநாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான குலுக்கல். பத்து டன்னுக்குப் போட்ட பட்டை காலி லாரியின் கீழ் கட்டாந்தரை மாதிரி நிற்கும். குலுக்கல் வேகமாகி அந்த வரம்பை நோக்கி ஏறும். வண்டிகளைச் சோதிக்க 1966ல் இதே புனேயில் அராய் நிறுவனம் தொடங்கியாயிற்று. ஆனால் அப்பாவின் லாரிக்குச் சேஸிஸும் முகப்பும்தான் கம்பெனியில் இருந்து வந்தன. கேபின் நாமக்கல் பாடி கட்டும் பட்டறையில், மரத்தில். சீட் என்பது பலகைமேல் தென்னை நார் மெத்தை. அவர் முதுகை எந்தத் தரநிலையும் எட்டிப் பார்க்கவில்லை. (லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதி 2025ல் இருந்துதான்.) இதில் எதையும் அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. "சரியாத்தான் சொல்றீங்கப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிறு வேலையில் இறங்கினோம். முன் சக்கரத்துக்குக் கட்டை, பின்னால் ஜாக்கி, சேஸிஸுக்கு ஸ்டாண்டு. துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய். உருவிய இரண்டு பட்டையையும் திரும்பச் சேர்த்தோம். ஷாக்கின் கண்ணுக்கும் வண்டியின் போல்ட்டுக்கும் அளவு சேராமல் பையன் தகரத்தைச் சுருட்டி வைத்திருந்தான். போசரியில் ஒரு லேத்தில் சரியான புஷ் கடைந்து வாங்கினோம். மாட்டும் முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுத்து உள்ளே காற்று இருந்தால் வெளியேற்ற வேண்டும். முக்கியமான இன்னொன்று: போல்ட்டை முழுசாக முறுக்குவது வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையில் பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும். இதைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, அப்பா.

காலிக்கு 3, லோடுக்கு 7 என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்தோம். அண்ணாச்சி கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தார்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஊரில் யாராவது வண்டியை இறக்கப் போகிறேன் என்றால் இதைக் காட்டி உற்சாகப்படுத்த வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சோதனை ஓட்டத்துக்கு அப்பா முன் சீட்டில் ஏறினார். நாசிக் சாலையில் மோஷி வரை காலி வண்டி. நான் முதலில் 7ல் ஓட்டினேன். வழியில் நிறுத்தி, சொல்லாமல் இறங்கி 3க்கு மாற்றினேன். ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். அப்பா கைப்பிடியை விட்டுவிட்டு வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். பட்டை விறைப்பு அப்படியே இருந்தது, குதித்துக்கொண்டுதான் இருந்தது வண்டி. ஆனால் சுண்ணாம்பு சிந்தவில்லை.

"என்ன பண்ணுன?"

சொன்னேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்ன வெலை?" என்று மட்டும் கேட்டார்.