வாடகைக்குக் கிடைக்காத அரங்கு

1929-இல் சல்வதோர் லுத்தெரோத் வரி இலாகாவில் அதிகாரி. மெக்ஸிகோவின் வட எல்லையில் உள்ள சியுதாத் ஹுவாரெஸில் வேலை. பாலத்தைத் தாண்டினால் அமெரிக்காவின் எல் பாசோ. அங்கே ஒரு மண்டபத்தில் குஸ்தி நடக்கிறது என்று பார்க்கப் போனவர், சொக்கிப்போனார். பிடிகளைப் பார்த்துச் சொக்கினாரா, கூட்டத்தைப் பார்த்துச் சொக்கினாரா என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வரி அதிகாரியின் கண் டிக்கெட் கவுண்டர் பக்கம் போகாமலா இருந்திருக்கும்?

நான்கு ஆண்டு கழித்து பிரான்சிஸ்கோ அவுமாதா என்ற கூட்டாளியோடு மெக்ஸிகோ நகரத்தில் ஒரு மல்யுத்தக் கம்பெனி தொடங்கினார். கம்பெனிக்குப் பெயர் இருந்தது, இடம்தான் இல்லை. அரேனா நாசியோனால் என்ற அரங்கைக் கேட்டார்கள். வாடகைக்குத் தர மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். குத்துச்சண்டைக்காகக் கட்டி, பிறகு கேட்பாரற்றுக் கிடந்த அரேனா மொதேலோதான் மிச்சம். அதைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, 1933 செப்டம்பர் 21 அன்று முதல் காட்சியை நடத்தினார்கள். இன்றும் அந்தக் கம்பெனி ஆண்டுவிழாவைச் செப்டம்பரில்தான் கொண்டாடுகிறது. உலகில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் மல்யுத்தக் கம்பெனிகளில் அதுவே மிகப் பழையது.

மல்யுத்தக் கம்பெனி ஊர் ஊராகப் போவதா, ஓர் இடத்தில் உட்காருவதா என்று இப்போது ரசிகர்கள் வாதாடுகிறார்கள். லுத்தெரோத் இதைக் கொள்கையாக யோசித்து முடிவெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொருவர் கட்டடத்தை நம்பிப் பிழைத்தால் எந்த நாளும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது அவருக்கு முதல் மாதமே புரிந்துவிட்டது. அந்தப் பயம்தான் அவரைக் கட்டட முதலாளி ஆக்கியது. லாட்டரியில் பரிசு விழுந்த பணத்தைப் போட்டு அரேனா கொலிசியோவைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. லாட்டரியோ சேமிப்போ, 1943 ஏப்ரலில் அந்த அரங்கு திறந்தது.

அங்கேதான் 1952 நவம்பர் 7 அன்று எல் சாந்தோ, பிளாக் ஷேடோ என்ற இரு முகமூடி வீரர்கள் தங்கள் முகமூடியைப் பணயம் வைத்து மோதினார்கள். தோற்ற பிளாக் ஷேடோ கூட்டத்தின் எதிரில் முகத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் தங்குவதன் லாபம் இந்தச் சண்டையில் துலக்கமாகத் தெரியும். ஒரு முகமூடிக்கு ஒரே இரவில் மதிப்பு வந்துவிடாது. அதே கூட்டம் வாரா வாரம் வந்து அதே முகமூடியைப் பார்த்து, கைதட்டி, திட்டி, உள்ளே யார் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டி, ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது அது. நேற்று வந்து இன்று கூடாரம் பிரிக்கும் சர்க்கஸால் அந்தச் சேமிப்பைச் செய்ய முடியாது. ஆனால் சர்க்கஸுக்கு வேறொரு சௌகரியம்: ஒரே வித்தையைப் பத்து ஊரில் விற்கலாம். உட்கார்ந்தவனுக்கு அது கிடையாது. போன வெள்ளிக்கிழமை பார்த்தவர்களே இந்த வெள்ளியும் வருவார்கள். புதிதாக எதையாவது கொடுத்தே ஆக வேண்டும்.

கொலிசியோவில் இடம் போதவில்லை. மொதேலோ இருந்த இடத்திலேயே, டொக்டோரெஸ் பேட்டையில், 1956 ஏப்ரல் 27 அன்று அரேனா மெக்ஸிகோ எழுந்தது. பதினாறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். முதல் நாள் சாந்தோவும் மெதிகோ அசெஸினோவும் ஒரு பக்கம், புளூ டெமனும் ரோலாந்தோ வேராவும் மறுபக்கம். 1968 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டைப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. 1950களில் தலைநகரில் மல்யுத்தத்தைத் தொலைக்காட்சியில் காட்டத் தடை வந்து பல பத்தாண்டு நீடித்தபோது, கம்பெனியைக் காப்பாற்றியது இந்தக் கட்டடம்தான். பார்க்க வேண்டுமென்றால் நேரில் வந்தே ஆக வேண்டும்.

லுத்தெரோத் குடும்பம் ஊர்களை விட்டுவிடவும் இல்லை. புவேப்லாவில் திங்கட்கிழமை, குவாதலஹாராவில் செவ்வாய், கொலிசியோவில் சனி, அரேனா மெக்ஸிகோவில் வெள்ளி என்று கிழமைகளைப் பங்கிட்டார்கள். பேருந்து ஏறி அலைந்தவர்கள் வீரர்கள். ரசிகருக்கு ஊரும் கிழமையும் மாறவில்லை. 'சுற்றுவதா, தங்குவதா' என்ற கேள்விக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதிலை நான் பார்த்ததில்லை. வீரர்களின் முதுகுவலியைக் கணக்கில் சேர்க்காதவரை!

தடை விலகித் தொலைக்காட்சி திரும்பியதும் கணக்கு புரண்டது. கம்பெனியில் சண்டைகளைக் கோர்த்துக்கொடுத்த அந்தோனியோ பென்யா 1992-இல் வெளியேறினார். தெலெவிசா தொலைக்காட்சியின் துணையோடு அவர் தொடங்கிய ட்ரிப்பிள் ஏ, வீடு இல்லாத கம்பெனி. அரங்கம், காளைச்சண்டை மைதானம் என எங்கே இடம் கிடைத்தாலும் வளையத்தைக் கட்டியது. இளம் வீரர்கள் பலர் அவரோடு போய்விட்டார்கள். 1993 ஏப்ரலில் தலைநகரின் காளைச்சண்டை அரங்கில் நடந்த முதல் ட்ரிப்பிள்மேனியாவுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். பழைய கம்பெனிக்கு அது கசந்திருக்கும். கேமராவுக்கு ஊர் மாற மாறப் பின்னணி மாறும். ஒவ்வொரு ஊரிலும் சாந்தோவைப் போல ஒருவரைப் பழக்கப்படுத்தும் வேலையைத் தொலைக்காட்சி முன்கூட்டியே செய்து கொடுத்துவிடும். டி.வி. துணை இருக்கும்வரை சுற்றுவதே லாபம் என்று பென்யா காட்டினார்.

2025-இல் ட்ரிப்பிள் ஏவை அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. வாங்கிவிட்டது. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் போட்டியாளரான ஏ.இ.டபிள்யூ. அதே ஆண்டு ஜூன் 18 அன்று மெக்ஸிகோவில் காட்சி நடத்த வந்தது. ஊர் ஊராகச் சுற்றும் அந்தக் கம்பெனி வளையம் போட்டது அரேனா மெக்ஸிகோவில். வந்தவர்களுக்கு அரங்கைத் திறந்துவிட்ட பழைய கம்பெனி, இன்னும் லுத்தெரோத் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.