தூக்கப் பிறந்தது, இழுத்துப் பேர் வாங்கியது

1964 அக்டோபர் 14 அன்று, சிகோர்ஸ்கி கம்பெனியின் புதிய ஹெலிகாப்டர் ஒன்று முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது. பெயர் சிஎச்-53. அதைக் கேட்டு வாங்கியது அமெரிக்க மரீன் படை. கப்பலில் இருக்கும் பீரங்கி, ஜீப், முப்பது நாற்பது வீரர்கள் என எல்லாம் துறைமுகமே இல்லாத கரையில் போய் இறங்க வேண்டும். அதற்கு வலுவான ஒரு சுமைதூக்கி தேவைப்பட்டது. கப்பலில் வாழப் பிறந்தது என்பதால் இறக்கைகளும் வாலும் மடங்கும்படி செய்திருந்தார்கள். 1967 தொடக்கத்திலேயே வியட்நாமுக்குப் போய், சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தூக்கி வந்தது.

அத்தோடு நின்றிருந்தால் ராணுவ லாரிகளின் வரலாற்றில் ஒரு வரியாக முடிந்திருக்கும். அதன் வாழ்க்கையைத் திருப்பியது, அது பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன் கொரியாவில் நடந்த ஒரு சம்பவம்.

1950 அக்டோபரில் வொன்சான் துறைமுகத்தில் படையிறக்க அமெரிக்கக் கடற்படை பெரும் கப்பல் கூட்டத்தோடு வந்தது. வட கொரியர்கள் சின்னச் சின்னப் படகுகளையும் தோணிகளையும் வைத்துக்கொண்டு சுமார் 3,000 கண்ணிவெடிகளைக் கடலில் போட்டிருந்தார்கள். அவற்றை அகற்றப் போன பைரேட், பிளெட்ஜ் என்ற இரு கப்பல்கள் அக்டோபர் 12 அன்று ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து மூழ்கின. கரையிறங்க வேண்டிய வீரர்கள் நாள்கணக்கில் கடலிலேயே காத்துக் கிடந்தார்கள். கண்ணியை அகற்றப் போகிற கப்பலும் கப்பல்தானே; இரும்பு உடலும் எஞ்சின் சத்தமும் அதற்கும் உண்டு. கண்ணி ஆள் பார்த்து வெடிப்பதில்லை. அப்படியானால் தண்ணீரைத் தொடாத ஒன்றை வைத்து அகற்றினால் என்ன என்ற யோசனை ஐம்பதுகளிலேயே முளைத்தது. இழுக்கிற அளவுக்குத் திராணியுள்ள ஹெலிகாப்டர்தான் அப்போது இல்லை. சிஎச்-53 வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. அட்மிரல் ஜும்வால்ட் கடற்படைத் தலைமைக்கு வந்த பிறகு, 1971-ல் எச்எம்-12 என்ற கண்ணிவெடி அகற்றும் ஹெலிகாப்டர் படைப்பிரிவு உருவானது.

முதல் பெரிய வேலை, அமெரிக்கா தானே போட்ட முடிச்சை அவிழ்ப்பது. 1972 மே மாதம் அமெரிக்க விமானங்கள் வட வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தில் கண்ணிகளைப் போட்டு அதன் வாயை அடைத்தன. 1973 ஜனவரியில் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, போட்டவர்களே அள்ள வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. ஜூலை வரை ஹெலிகாப்டர்கள் அந்தத் தண்ணீரை உழுதன. வெடித்தது ஒரே ஒரு கண்ணி. பெரும்பாலானவை குறித்த காலத்துக்குப் பின் தாமாகவே செயலிழக்கும்படி செய்யப்பட்டவை. ஆனாலும் வெடிக்காது என்று யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால்தானே கப்பல்காரன் நம்புவான்? அடுத்த ஆண்டே சூயஸ் கால்வாயில் அதே வேலை.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். நம் இழுவைப் படகு மடியை இழுத்துக்கொண்டு போவதுபோல, ஹெலிகாப்டர் கடலுக்குச் சற்று மேலே நின்று ஒரு சறுக்குப் படகை இழுக்கும். இடையே நூறு மீட்டருக்கும் அதிகமான கேபிள். வேகம் பிடித்ததும் படகு தன் கால்களில் எழுந்து நீர்மேல் வழுக்கிக்கொண்டு வரும். அதன் மேல் ஒரு டர்பைன் ஜெனரேட்டர் ஓடும். பின்னால் மிதக்கும் மின்கம்பிகளில் அது பாய்ச்சும் மின்சாரம், பெரிய கப்பல் ஒன்று வருவதுபோன்ற காந்தப் புலத்தை உண்டாக்கும். அடியில் கிடக்கும் கண்ணி ஏமாந்து வெடிக்கும். வெடிக்கும்போது மேலே நிற்பவர்கள் வெகு தூரத்தில் இருப்பார்கள். ஜெனரேட்டருக்கு எரிபொருள் தீர்ந்தால் ஹெலிகாப்டரே ஊற்றும். விமானிகள் மூக்கைத் தாழ்த்தியபடி மணிக்கணக்கில் ஒரே கோட்டில் ஓட்ட வேண்டும். பின்னால் வருவதைப் பார்க்க மூக்கின் இருபுறமும், பஸ்ஸுக்கு இருப்பது மாதிரி, கண்ணாடி மாட்டியிருப்பார்கள். பின்கதவில் நிற்கும் ஆளுக்குக் கண் கேபிள்மேலேயே இருக்கும். அது எங்காவது சிக்கினால் வெட்டிவிட வேண்டியது அவர் பொறுப்பு.

தூக்குகிற வேலையும் விடவில்லை. 1975 ஏப்ரல் 29, 30 தேதிகளில் சைகோன் வீழ்ந்தபோது சுமார் 7,000 பேரைக் கப்பல்களுக்குக் கொண்டு சேர்த்த ஹெலிகாப்டர்களில் பாரம் அதிகம் சுமந்தது இதுதான்.

பெயர் கெட்டதும் ஒருமுறை உண்டு. 1980 ஏப்ரலில் தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கப் போனவை, கண்ணிவெடி அகற்றும் வகையான ஆர்எச்-53டி ஹெலிகாப்டர்கள் 8. நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் மேல் அவை நின்றால் யாருக்கும் சந்தேகம் வராது, தூரமும் பறக்கும் என்பது கணக்கு. கடலுக்கென்று தயாரான இயந்திரம் பாலைவனப் புழுதிப் புயலில் மாட்டியது. ஒன்று வழியில் கைவிடப்பட்டது, ஒன்று திரும்பியது, ஒன்றில் ஹைட்ராலிக் கோளாறு. குறைந்தது ஆறு வேண்டும், மிஞ்சியது ஐந்து. திட்டத்தைக் கைவிட்டுக் கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். மற்ற ஐந்தையும் மணலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: ஷா ஆட்சியில் ஈரான் கடற்படை இதே ரகத்தை விலை கொடுத்து வாங்கியிருந்தது.

அதற்குள் அடுத்த தலைமுறை தயாராகியிருந்தது. மூன்றாவது எஞ்சின், ஏழு இறக்கைகள், கொக்கியில் 16 டன் தொங்கவிடும் வலு: இது சிஎச்-53ஈ. இதன் கண்ணிவெடிப் பிரிவுத் தங்கைதான் எம்எச்-53ஈ, சீ டிராகன். இருபக்கமும் புடைத்த தொட்டிகளில் சுமார் 12,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். நீண்ட நேரம் இழுக்க அது வேண்டும்.

1991 ஜனவரி 5 அன்று அதிகாலை, சோமாலியாவில் உள்நாட்டுப் போர் முற்றி மொகதிஷுவில் அமெரிக்கத் தூதரகம் முற்றுகைக்குள்ளானபோது, யுஎஸ்எஸ் டிரென்டன் கப்பலிலிருந்து இரண்டு சிஎச்-53ஈ கிளம்பின. தூரம் 466 கடல் மைல். நடுவானில், இருட்டில், எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய்க் காவலுக்கு வீரர்களை இறக்கிவிட்டு, முதல் அணியாக 60 பேர் போல ஏற்றிக்கொண்டு திரும்பின. அந்தக் கப்பல் நமக்குத் தெரிந்ததுதான். 2007-ல் இந்தியக் கடற்படை வாங்கி ஐஎன்எஸ் ஜலஷ்வா என்று பெயரிட்டது. 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கில் கொழும்பில் சிக்கிய 685 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதும் அதே கப்பல்தான்.

மொகதிஷு நடந்து ஆறு வாரம் சற்றே தாண்டியிருந்தது. பிப்ரவரி 18 அன்று பாரசீக வளைகுடாவில் யுஎஸ்எஸ் டிரிப்போலி ஈராக் போட்ட கண்ணியில் மோதியது. கப்பலின் அடிப்பக்கத்தில் பெரிய ஓட்டை. அதன் மேல்தளத்தில் நின்றவை சீ டிராகன்கள். கண்ணி அகற்ற வந்தவர்களின் வீட்டையே கண்ணி உடைத்தது. ஹெலிகாப்டர் தண்ணீரைத் தொட வேண்டியதில்லை, ஆனால் அதைச் சுமக்கும் கப்பல் தொட்டாக வேண்டுமே. 2003-ல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்துக்கு நிவாரணக் கப்பல் வருவதற்கு முன் வழியைத் துழாவியதும் இதே ஹெலிகாப்டர்கள்.

வயது ஏற ஏற உடம்பு பேசத் தொடங்கியது. 2014 ஜனவரியில் வர்ஜினியா கடற்கரைக்கு அப்பால், எரிபொருள் குழாயில் உராய்ந்த மின்கம்பியால் தீப்பிடித்து ஒரு சீ டிராகன் கடலில் விழுந்தது. ஐவரில் மூவர் இறந்தார்கள். சீ டிராகன் ரகத்தை வாங்கிய ஒரே வெளிநாடு ஜப்பான். அது 2017-ல் தன்னுடையவற்றுக்கு ஓய்வு கொடுத்தது. அமெரிக்காவில் இருந்த இரு படைப்பிரிவுகளில் எச்எம்-14 2023-ல் கலைக்கப்பட்டது.

தூக்குகிற பரம்பரைக்கு வாரிசு இருக்கிறது. 2015-ல் முதலில் பறந்த சிஎச்-53கே, ஒவ்வொன்றும் 7,500 குதிரைத்திறன் கொண்ட மூன்று எஞ்சின்களோடு, முந்தையதைத் தூக்கிச் சாப்பிடும். இழுக்கிற பரம்பரைக்கு வாரிசு இல்லை. சிறிய எம்எச்-60எஸ் ஹெலிகாப்டரை இழுக்க வைத்துப் பார்த்தார்கள், அதற்குத் திராணி போதவில்லை. இப்போது அது எதையும் இழுக்காமல் மேலிருந்து லேசர் கொண்டு தேடுகிறது. மீதியை ஆளில்லாப் படகுகளிடம் விட்டிருக்கிறார்கள். படகு போனால் போகட்டும், ஆள் போக மாட்டான் என்பது அதில் உள்ள லாபம். ஆனால் ஹைபோங்கிலும் சூயஸிலும் உம் கஸ்ரிலும் வேலை பார்த்த இந்த ஹெலிகாப்டரின் பலம், சில நாட்களில் உலகத்தின் எந்த மூலைக்கும் போய் உடனே வேலையில் இறங்கும் என்பது. படகைக் கப்பலில் ஏற்றி, அந்தக் கப்பல் போய்ச் சேரும்வரை துறைமுகம் மூடியேதான் கிடக்கும். கண்ணி போடுகிறவனுக்கு அன்றும் இன்றும் ஒரு தோணி போதும். காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அவன் கணக்கில்தான் சேர்கிறது.