எழுத்துருவும் வார்ப்புருவும்: தமிழ்த் தனியாள் வலைப்பக்கங்களின் தொடக்கக் காலம்

தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றை 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். அதன்பின் நான்கு நூற்றாண்டுகளாக எழுதுபவர் ஒருவராகவும் எழுத்துக்கு வடிவம் தருபவர் வேறொருவராகவுமே இருந்தனர். வரி எத்தனை அகலம், தலைப்பு எவ்வளவு பெரிது என்பவற்றையெல்லாம் அச்சகத்தாரே முடிவு செய்தனர். இந்நிலை மாறி, எழுதுபவரே தம் பக்கத்தை வடிவமைத்துக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 1995-க்கும் 2005-க்கும் இடையே வந்தது. அப்பத்தாண்டுகளைப் பற்றி மொழி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. நாம் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறோம்.

இவ்வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் முன்னிடம் உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இலேயே ‘முரசு’ என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். அது பின்னர் ‘முரசு அஞ்சல்’ ஆக வளர்ந்தது. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியப் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால், 1995 அக்டோபரில் வெளியான சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் மற்ற மூன்று மொழிகளோடு தமிழும் இடம்பெற்றது. சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கிக் கட்டணமின்றி வழங்கினார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கக் காரணமானவரும் அவரே. மூவருமே தம் சொந்த ஆர்வத்தால் இரவுகளைச் செலவிட்டவர்கள் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ளல் நன்று.

எழுத்துருக்கள் பெருகியபோது ஒரு புதுச் சிக்கல் எழுந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு எண்களில் வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய பக்கத்தை மற்றொன்றைக் கொண்டு திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியலே தெரியும். பல நாட்டுத் தன்னார்வலர் மின்னஞ்சல் வழியே வாதிட்டுத் ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரண்டையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ஏற்றது. ஈழத்தமிழரிடையே ‘பாமினி’ வேரூன்றியிருந்தது. ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலிருந்தே தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000 வெளிவரும் வரை வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் பயன்படாமலே கிடந்தது. ஒரே மொழிக்கு இத்தனை குறியேற்றங்களா என்று இன்று நகைப்பது எளிது. அன்றைக்கு இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வதே ஒருவர் தம் வாசகரைத் தெரிவு செய்வதாகவும் இருந்தது.

2003-இல் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றின. இலவச வலைப்பதிவுச் சேவைகள் தந்த வார்ப்புருக்கள் யாவும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டவை. ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவில் ‘ணை’, ‘ஞூ’ போன்றவை கண்ணுக்குப் பிடிபடா. வரிகளுக்கிடையே இடைவெளி குறைந்தால், ‘கு’, ‘மூ’ ஆகியவற்றின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் மேற்சுழியை முட்டும். இருபுறமும் சமன்செய்தால், தமிழ்ச் சொற்கள் நீளமானவை ஆதலால், வரிகளின் நடுவே பெரும் வெற்றிடங்கள் விழும். தடித்த எழுத்தில் ‘ஜ’வும் ‘ஐ’யும் ஒன்றுபோல் மயங்கும். கணிப்பொறி படித்திராத பதிவர்கள் பலர் இக்குறைகளை ஒவ்வொன்றாகக் கண்டு, வார்ப்புருவின் நிரல்வரிகளைத் தாமே திறந்து, ஓர் எண்ணை மாற்றுவதும் சேமித்துப் பார்ப்பதும் மீண்டும் மாற்றுவதுமாகக் கற்றனர். கண்டதைப் பிறர்க்கும் தமிழிலேயே எழுதிவைத்தனர். ‘வார்ப்புரு’, ‘எழுத்துரு’, ‘மறுமொழி’, ‘திரட்டி’ போன்ற சொற்கள் புழக்கத்தில் ஊன்றியதில் இவ்வெழுத்துகளுக்குப் பெரும் பங்குண்டு. கலைச்சொற்களை ஆக்கக் குழுக்கள் வேண்டியதுதான். எனினும் நாள்தோறும் பயன்படுத்தும் கைகளில்தான் சொல் நிலைபெறுகிறது என்பது நம் கருத்து.

வாசகர் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையெனில் பக்கம் வெறும் கட்டங்களாகவே தெரியும். தோட்டப்புறத்து மாணவர் ஒருவர், கியா பார்மிலிருந்து பிரிஞ்சாங் வந்து பொதுக் கணினி ஒன்றில் அமர்ந்தால், அதில் எழுத்துருவை நிறுவும் உரிமை அவருக்கு இராது. இத்தகைய வாசகருக்காக எழுந்ததே ‘இயங்கு எழுத்துரு’. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி ‘தேனீ’ என்னும் ஒருங்குறி இயங்கு எழுத்துருவை ஆக்கி, எல்லாருக்கும் இலவசமாக வழங்கினார். பதிவர் தம் வார்ப்புருவில் சில வரிகளை ஒட்டிவிட்டால் போதும். பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் இறங்கி, இண்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் தமிழ் தெளிவாகத் தோன்றும். வேறு உலாவிகளில் அது செயல்படாது. ஆயினும் அக்காலத்தில் பெரும்பான்மையோர் கையிலிருந்தது அந்த உலாவியே. உமர் தம்பி 2006-இல் மறைந்தார். இன்று எந்தப் பக்கத்தையும் தடையின்றிப் படிப்போருள் பலர் அவர் பெயரை அறியார்.

ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணனின் ‘பொங்கு தமிழ்’ மாற்றி, பழைய குறியேற்றங்களில் எழுதியவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவர உதவியது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஓரிடத்தில் காட்டியது. கோலாலம்பூரிலும் கோவையிலும் டொராண்டோவிலும் எழுதப்பட்டவை அங்கே அடுத்தடுத்து நின்றன.

இவ்வரலாற்றின் மூலச்சான்றுகள் விரைந்து அழிகின்றன என்பதே நமக்குக் கவலை தருவது. பலர் தம் முதற்பக்கங்களை அமைத்த ஜியோசிட்டீஸ் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டது. இணைய ஆவணக் காப்பகத்தில் தப்பிய சில பக்கங்களைத் திறந்தாலும் எழுத்துகள் உருக்குலைந்தே தெரிகின்றன. திஸ்கியில் எழுதிய பக்கமெனில், ‘த’ நிற்கவேண்டிய இடத்தில் முக்கால் என்னும் பின்னக்குறி நிற்கும். மாற்றியில் இட்டால் எழுத்து மீளும். ஆனால் அதன் வரிசையையும் மாற்றி அறிந்திருக்க வேண்டும். திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் முறையிலேயே, முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் எனச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியிலோ ககரமே முதலில் வரும். உயிர்க்குறி அதைத் தொடரும். இந்த வேறுபாட்டை ஒரு வகுப்பிலேயே கற்பித்துவிடலாம். பழைய பக்கம் ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, அதன் மூல நிரலைத் திறந்து, எழுத்துருவின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடச் சொல்வதே அதற்கு நல்ல தொடக்கம்.