கண்டிக்குக் கடல் வந்த பாதை

 

பாடசாலை விடுமுறை தொடங்கினால் இன்பொக்ஸில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சேர், குடும்பத்தோட கண்டிக்கு வாறம். நல்ல மீன், இறால் சாப்பிட எந்தக் கடை நல்லம்?" கேட்பவர்களில் பாதிப் பேர் கல்முனை, மன்னார், பேருவளை என்று கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கடலை விட்டுவிட்டு மலைக்கு வந்து மீன் தேடுகிறார்களே என்று சிரிக்கலாம். ஆனால் அது நல்ல கேள்வி. கண்டி நகரம் பல நூறு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

நான் கடையின் பெயர் சொல்லப் போவதில்லை. இன்று நன்றாக இருக்கும் கடை சமையல்காரர் மாறினால் நாளை கெட்டுப்போகும். அதனால் மீன் இந்த ஊருக்கு வந்த வரலாற்றைச் சொல்கிறேன். அது தெரிந்தால் கடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் தூரம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து பாதை வழியே சுமார் 115 கிலோமீற்றர். இன்று லொறிக்கு அது ஒரு காலைப் பொழுது வேலை. ஐஸ் இல்லாமல், நமது வெயிலில், பிடித்த மீன் சில மணித்தியாலங்களிலேயே கெடத் தொடங்கும். பாதையே இல்லாத காலத்தில், காடும் ஆறும் கணவாயும் தாண்டி நடந்து வர நாட்கள் பிடித்தன. ஆகவே கண்டி இராச்சியத்தின் தலைநகரில் பச்சைக் கடல்மீன் என்பது ஏறக்குறைய இல்லாத பொருள். ஆனால் கடல் இல்லாமலும் அந்த இராச்சியம் வாழ முடியாது. ஏனென்றால் உப்பு கடலில்தான் இருக்கிறது.

1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இந்த மக்களின் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் அரிசியும் உப்பும் இருந்தால் போதும், வேறு குறையில்லை என்று இருந்தார்களாம். வரலாறு படிப்பிக்கும் எனக்கு அதில் முக்கியமான சொல் உப்பு. அரிசியை மலையிலேயே விளைவிக்கலாம். உப்பை விளைவிக்க முடியாது.

இதைக் கரையோரத்தைப் பிடித்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். புத்தளம், கொட்டியாரம் போன்ற துறைமுகங்கள் கையில் இருந்தவரை கண்டி மன்னர்களுக்கு மூச்சுவிட வழி இருந்தது. அவற்றை ஒல்லாந்தர் மூடினால் மலைநாட்டின் கழுத்து இறுகும். 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி நகருக்குள்ளேயே புகுந்தது. மறு வருடம், 1766 உடன்படிக்கையில், மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தீவைச் சுற்றியுள்ள கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாகக் கண்டியருக்குக் கிடைத்தவற்றில் ஒன்று என்ன தெரியுமா? சிலாபம், புத்தளம் பக்கத்து உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை. ஒரு அரசன் தன் கடற்கரையை எல்லாம் இழந்த பிறகும் உப்பைப் பற்றிப் பேரம் பேச வேண்டியிருந்தது. உப்பு இல்லாவிட்டால் சோறும் இல்லை, கருவாடும் இல்லை.

சரி, அந்த உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றியது யார்?

தவளம் என்ற சொல்லை நம் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதேயில்லை. முதுகில் பொதி சுமந்து வரிசையாக நடக்கும் மாடுகளின் கூட்டம்தான் தவளம். வண்டில் போக முடியாத ஒற்றையடிப் பாதைகளில் பொதிமாடு போகும். கரையோரத்திலிருந்து உப்பு, கருவாடு, துணி மேலே வரும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். கண்டி அரசாங்கத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அதன் பெயர் மடிகே பத்த. முஸ்லிம்கள் பெருமளவில் அதில் சேவை செய்தார்கள். பேராசிரியர் லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

நூலைத் தேட முடியாதவர்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கலகெதரப் பக்கம் மடிகே என்று ஒரு முஸ்லிம் கிராமம் இருக்கிறது. குருநாகல் மாவட்டத்தில் மடிகே மிதியால இருக்கிறது. அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் பெயர்ப்பலகையைக் கவனிக்காமலேயே கடந்து போகிறோம். அந்தப் பெயருக்குள் பொதிமாட்டின் மணிச் சத்தம் இன்னும் இருக்கிறது.

இதை நான் பெருமை பேசச் சொல்லவில்லை. "முஸ்லிம்கள் மலைநாட்டுக்குக் கடை போட வந்தவர்கள்தானே" என்று சொல்பவர்களை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். அதை நம்பும் நம் பிள்ளைகளையும் நான் வகுப்பறையில் சந்தித்திருக்கிறேன். ஆங்கிலேயர் 1815இல் கண்டியைப் பிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பே, மன்னரின் ஆட்களாக, மன்னரின் குடிமக்களின் சோற்றுக்கு உப்பு கொண்டுவந்தவர்கள் இங்கே குடியிருந்தார்கள். சிங்கள விவசாயியின் பாக்கும், முஸ்லிம் தவளக்காரரின் மாடும், கரையோர மீனவரின் கருவாடும் ஒரே பாதையில்தான் சந்தித்தன. ஒருவர் இல்லாமல் மற்றவருக்குச் சாப்பாடு இல்லை.

இனிச் சமையலுக்கு வருவோம். பச்சை மீன் கிடைக்காத ஊர், கெடாத மீனைக் கொண்டு சமைக்கப் பழகிக்கொண்டது. வெயிலில் காய்ந்த கருவாடு ஒன்று. உப்பும் கொறுக்காயும் போட்டுப் பானையில் அடுக்கி வைக்கும் ஜாடி இன்னொன்று. கொறுக்காய்ப் புளியில் வற்றவைத்த அம்புல் தியல் தென்பகுதிக் கரையின் கண்டுபிடிப்பு. நாட்கணக்கில் கெடாமல் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே மாசி. மாலைதீவுக் கடலில் பிடித்த மீனை வெட்டி, அவித்து, புகையில் காயவைத்து, மரக்கட்டை போல் ஆக்குவார்கள். 1343இல் மாலைதீவுக்கு வந்த இப்னு பதூதா இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அது ஏற்றுமதியானது என்கிறார். அவர் அடுத்த வருடமே இலங்கைக்கு வந்து, சிவனொளிபாத மலைக்கும் ஏறினார். இன்று மாசி இல்லாத சீனிச் சம்பலையோ பொல் சம்பலையோ கண்டியில் நினைத்துப் பார்க்க முடியுமா? கடலிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கும் வீட்டிலும் ஒவ்வொரு நாளும் கடல் இருந்தது. துண்டுதுண்டாக, இடித்த தூளாக, தேங்காய்ப்பூவோடு சேர்ந்து இருந்தது.

பச்சை மீன் எப்போது வந்தது? மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியிருந்தது.

முதலாவது பாதை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் தலைமையில் கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. கடுகண்ணாவையில் குடைந்த கற்பாறையும், டோசன் நினைவுக் கோபுரமும் இன்றும் நிற்கின்றன. படை நடத்துவதற்காகப் போட்ட பாதை அது. மாட்டு வண்டில் வந்தது, பொதிமாட்டின் காலம் மெல்ல முடிந்தது. ஆனால் வண்டிலும் மெதுவானதுதான். மீன் இன்னும் கருவாடாகவே வந்தது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. 1866இல் கொழும்பில் ஐஸ் கம்பனி ஆரம்பமானது. பிற்காலத்தில் எலிபன்ட் ஹவுஸ் என்று நாம் அறிந்த நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. புகையிரதம் வந்தது கோப்பிக்காக, மீனுக்காக அல்ல. ஆனாலும் பச்சை மீன் மலை ஏறுவதற்குத் தேவையான இரண்டும், குளிரும் வேகமும், ஒரே வருட இடைவெளியில் வந்து சேர்ந்துவிட்டன.

சாதாரண மக்களின் தட்டுக்கு அது வர இன்னும் நீண்ட காலம் பிடித்தது. 1950களின் இறுதியில் இயந்திரப் படகுகள் பரவின. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் தொடங்கியது, கடலில்லாத நகரங்களிலும் அதன் விற்பனை நிலையங்கள் திறந்தன. லொறிகள் பெருகின. புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் சந்தையில் நடந்த மொத்த வியாபாரம் பின்னர் பேலியகொடைக்கு மாறியது. இன்று இரவு பேலியகொடையில் ஏற்றும் கெலவல்லா விடியும்போது கண்டியில் இருக்கும்.

ஒரு சின்னத் தூர தேசத்துக் கதை சொல்ல வேண்டும். ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவும் கண்டியைப் போலக் கடலில்லாத ஊர். வடக்கே ஒபாமா என்ற கரையோர ஊரில் பிடித்த கானாங்கெளுத்தி வகை மீனை உப்பிட்டு, எழுபது கிலோமீற்றருக்கு மேல் மலைப்பாதையில் தோளில் சுமந்து வருவார்கள். கியோட்டோவுக்கு வரும்போது உப்பு சரியான அளவில் இறங்கியிருக்கும். அந்த மீனை வைத்துச் செய்யும் சூஷி இன்றும் அந்த நகரத்தின் பெருநாள் சாப்பாடு. இன்று அவர்களுக்கு எந்தப் பச்சை மீனும் கிடைக்கும். இருந்தும் பழையதைக் கைவிடவில்லை. அந்தப் பாதைக்கே மீனின் பெயரை வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

நாமோ விருந்தாளி வந்தால் கருவாட்டை ஒளித்து வைக்கிறோம். ஹோட்டல்களில் இறாலுக்கும் கணவாய்க்கும் பளபளப்பான படம் போடுகிறார்கள். கருவாட்டுக் கறிக்கு ஒரு வரி கிடையாது. வெளிநாட்டுக்காரருக்குக் கண்டியின் கடல் உணவைக் காட்ட வேண்டும் என்றால், உறைந்த இறாலை விட ஒரு நல்ல கருவாட்டு ஆணம்தான் உண்மையான வரலாறு.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. பருவத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும். நவம்பர் தொடக்கம் இது தலைகீழாகும். பெரஹரா காலத்தில் கண்டிக்கு வந்தால் "திருகோணமலை மீனா?" என்று கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த கடைக்காரர் நல்ல கடைக்காரர்.

2. கிழமையைப் பாருங்கள். கத்தோலிக்க மீனவர்கள் பொதுவாக ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. முஸ்லிம் மீனவர்கள் வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் சந்தையில் சின்ன மீன் குறைவாக இருக்கலாம்.

3. "இன்று இல்லை" என்று சொல்லும் கடையை நம்புங்கள். வருடம் முழுக்க, எல்லா நேரமும், பதினைந்து வகை கடல் உணவு கிடைக்கும் என்றால் அது கடலிலிருந்து வரவில்லை, குளிர்பெட்டியிலிருந்து வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு மீன் முடிந்துவிடும் சோற்றுக்கடையில் முதல் நாள் மீன் மிஞ்ச வழியில்லை.

4. கெலவல்லா, பலயா போன்ற சூரை இனங்களில் கவனம் வேண்டும். குளிரில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு அரித்தால் பலர் "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று நினைக்கிறார்கள். பல நேரம் ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, மீன் வந்த விதம்.

5. கடைசியாக, கருவாடு, மாசி, அம்புல் தியல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவற்றை வெட்கப்படாமல் நன்றாகச் சமைக்கும் கடை, பச்சை மீனையும் மரியாதையாகத்தான் நடத்தும்.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு மீன் அல்லாஹ் வாசலுக்கே அனுப்பிய ரிஸ்க். மலையில் இருக்கும் நமக்கு அது மனிதர்களின் கால்நடையாக வந்தது. அந்தக் கால்கள் யாருடையவை என்பதை மறந்தால், சாப்பாட்டை மட்டுமல்ல, அயலவரோடு நமக்கிருந்த கொடுக்கல் வாங்கலையும் மறந்துவிடுவோம்.

உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில், தவளம் பற்றிய கதை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இன்றே அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, கீழே பதிவிடுங்கள். சிங்களத்தில் இருந்தாலும் பரவாயில்லை. தரம் 8 பிள்ளைகளுக்கு அடுத்த தவணையில் உள்ளூர் வரலாறு படிப்பிக்கும்போது வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.